டோக்கியோவுக்குத் தனியாகப் போகிறீர்களா? எந்த ஏரியா, எந்த மாதிரி ஹோட்டல்?

டோக்கியோவில் எங்கே தங்கலாம் என்று கேட்டால் பாதிப் பேர் ஷின்ஜுகு என்பார்கள், கொஞ்சம் பேர் ஷிபுயா என்பார்கள், பழைய தெரு, கோயில் என்று ஆசைப்படுகிறவர்கள் அசாகுசாவைச் சொல்வார்கள். மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் தனியாகப் போகிறவர் ஏரியாவின் பேரைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நாள் முழுக்க நடந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குத் திரும்பும்போது எத்தனை ரயில் மாற வேண்டும், ஸ்டேஷனில் எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும், அங்கிருந்து ரூம் வரைக்கும் எப்படிப்பட்ட தெருவில் நடக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் ரூம் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பயணம் நன்றாகப் போகும். இது சரியில்லை என்றால் எவ்வளவு பணம் கொடுத்து நல்ல ரூம் எடுத்தாலும் மூன்றாம் நாள் சலிப்பு வந்துவிடும்.

தனியாகப் போகிறவருக்கு மட்டும் ஏன் இது இவ்வளவு முக்கியம் என்றால், டாக்ஸி செலவைப் பங்கு போட ஆள் கிடையாது. டோக்கியோவில் ரயில்கள் நள்ளிரவு 12 மணியிலிருந்து 1 மணிக்குள் நின்றுவிடும், மறுபடி காலை 5 மணிவாக்கில்தான் ஓடத் தொடங்கும். நான்கு பேர் போனால் கடைசி ரயிலை விட்டாலும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வந்துவிடலாம். ஒருவர் என்றால் முழுத் தொகையும் அவர் தலையில்தான். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வழி தேடவும் ஆள் இல்லை, லிஃப்ட் இல்லாத வாசலில் ஏறினால் பெட்டியை நீங்களேதான் படிப்படியாகத் தூக்க வேண்டும்.

முதலில் ஊர் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரு படம் மனதில் இருக்கட்டும். நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி யமனோதே லைன் என்று ஒரு வட்ட ரயில் ஓடுகிறது, 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வட்டத்தின் மேற்குப் பக்கம் ஷின்ஜுகு, ஷிபுயா, இகெபுகுரோ. கிழக்குப் பக்கம் உயேனோ, அகிஹபாரா, டோக்கியோ ஸ்டேஷன். அசாகுசா வட்டத்துக்கு வெளியே, இன்னும் கிழக்கே, சுமிதா ஆற்றங்கரையில். நரிதா ஏர்போர்ட் நகரத்துக்குக் கிழக்கே 60 கிலோமீட்டருக்கு மேல், ஹனேடா தெற்கே கடலோரமாக, மிகப் பக்கத்தில். ஆகவே எந்த ஏர்போர்ட்டில் இறங்குகிறீர்கள் என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போகிறவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று எங்காவது மாறித்தான் பெரும்பாலும் போகிறோம், டிக்கெட் எடுக்கும்போதே இறங்குவது நரிதாவா ஹனேடாவா என்று பார்த்துவிடுங்கள்.

ஷின்ஜுகுவை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே அதிகப் பயணிகள் பயன்படுத்தும் ஸ்டேஷன் என்று கின்னஸில் இடம்பிடித்தது, 200க்கும் மேற்பட்ட வாசல்கள். பகலில், கையில் எதுவும் இல்லாமல், நேரம் இருக்கும்போது அந்த ஸ்டேஷனில் சுற்றுவதே ஒரு அனுபவம். ஆனால் முதல்முறை வருகிறவர் பெட்டியோடு அதில் இறங்கினால் சரியான வாசலைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகலாம், தவறான பக்கம் வெளியே வந்துவிட்டால் தண்டவாளத்தைத் தாண்டி அடுத்த பக்கம் போக இன்னும் கால் மணி நேரம். ஹோட்டலின் புக்கிங் பக்கத்தில் 'ஸ்டேஷனிலிருந்து 7 நிமிடம்' என்று போட்டிருப்பது அந்தச் சரியான வாசலிலிருந்து 7 நிமிடம், நீங்கள் ரயிலை விட்டு இறங்கும் இடத்திலிருந்து இல்லை.

அப்புறம் கபுகிச்சோ. ஷின்ஜுகுவின் மலிவான ஹோட்டல்கள் நிறைய இந்த இரவுக்கேளிக்கைப் பகுதிக்குள்ளோ ஒட்டியோ இருக்கின்றன. ஜப்பான் பாதுகாப்பான நாடு, கபுகிச்சோவில் நடந்தாலே ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தனியாக நடக்கிற ஆளைப் பார்த்தால் கூடவே வந்து பாருக்கு அழைக்கிற தரகர்கள் அங்கே உண்டு, அவர்கள் பின்னால் போனவர்களுக்குப் பல்லாயிரம் யென் பில் போடுவது ஊரறிந்த விஷயம், அந்தத் தெருக்களில் ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கை சொல்வார்கள். தினமும் ராத்திரி ரூமுக்குப் போக இவர்களைக் கடந்து போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெண்கள் தனியாகப் போனால் கபுகிச்சோவை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். ஷின்ஜுகுதான் வேண்டும் என்றால் மேற்குப் பக்கம் வானுயர் கட்டடங்கள் இருக்கும் நிஷி ஷின்ஜுகு, அல்லது மருநோஉச்சி லைனில் ஷின்ஜுகு கியோஎன்மாஎ ஸ்டேஷன் பக்கம் பாருங்கள், அமைதியான தெருக்கள், பெரிய ஸ்டேஷனுக்கும் பக்கம். மேற்குப் பக்கத்தில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45வது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், இலவசமாக ஊரைப் பார்க்கலாம், அதற்காகத் தங்கத் தேவையில்லை, ஒரு மாலை போனால் போதும்.

ஷின்ஜுகுவுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஃபூஜி மலைப் பக்கம் போகிற பஸ்களும் மலையடிவாரத்துக் கவகுச்சிகோவுக்கு நேரடி ரயிலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன, வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேவுக்கு ஓதக்யு கம்பெனி ரயிலும் இங்கிருந்துதான். உங்கள் திட்டத்தில் இரண்டு மூன்று நாள் மேற்கே போவதாக இருந்தால், அதிகாலையில் நகரத்தைக் குறுக்கே கடக்காமல் இருப்பதற்காகவே ஷின்ஜுகுவில் தங்கலாம்.

ஷிபுயாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாற்சந்திக் கூட்டத்தையும் கடைகளையும் பார்க்க எல்லோரும் போவோம். தங்குவதற்கு விலை அதிகம், சின்ன ரூம், ராத்திரி சத்தம். கின்சா லைனில் ஏறினால் அசாகுசாவிலிருந்து ஏறக்குறைய 35 நிமிடத்தில், மாறாமல், ஷிபுயா வந்துவிடலாம் என்னும்போது அங்கேயே தங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கின்சா லைன்தான் எனக்குப் பிடித்த பகுதியின் முதுகெலும்பு. 1927இல் அசாகுசாவுக்கும் உயேனோவுக்கும் நடுவே தொடங்கியது, ஆசியாவின் முதல் சுரங்க ரயில். பழைய லைன் என்பதால் தரைக்குக் கொஞ்சம் கீழேயே ஓடுகிறது, படி இறங்கினால் பிளாட்ஃபாரம் வந்துவிடும். பின்னால் கட்டிய ஒயேதோ லைனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் ரொப்பொங்கி ஸ்டேஷன் தரைக்கு 42 மீட்டர் கீழே இருக்கிறது, எஸ்கலேட்டரில் இறங்கி ஏறவே நேரம் போய்விடும். வரைபடத்தில் ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் இருந்தால் மட்டும் போதாது, அது எந்த லைன் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

அசாகுசாவில் காலை ஆறு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால், சென்சோஜி கோயில் வளாகத்தில் நடக்கிற சுகத்துக்காக மட்டுமே அங்கே தங்கலாம். தனியாகப் போகிறவருக்கு இந்த மாதிரி அதிகாலைகள்தான் பெரிய லாபம், யாரையும் எழுப்ப வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரம். கோயில்களுக்குப் பேர்போன நிக்கோவுக்குப் போகிற தோபு கம்பெனி ரயில் இங்கிருந்தே கிளம்புகிறது. விலையும் ஷின்ஜுகுவை விடப் பொதுவாகக் குறைவு, ஹாஸ்டல்களும் நிறைய. குறை என்றால், கோயிலைச் சுற்றிய கடைகள் சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடும், ராத்திரி ஊர் அடங்கிவிடும். எனக்கு அது குறையே இல்லை, ராத்திரி வெளிச்சமும் கூட்டமும் வேண்டுகிறவர்களுக்கு அது பெரிய குறை. யமனோதே லைனும் இங்கே வராது.

அசாகுசாவில் புக் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசாகுசா என்ற பேரில் கின்சா லைனுக்கு ஒரு ஸ்டேஷன், தோஎய் அசாகுசா லைனுக்கு ஒன்று, தோபுவுக்கு ஒன்று. இவை மூன்றும் ஆற்றுப் பக்கம் அருகருகே இருக்கின்றன. நான்காவதாக ட்சுகுபா எக்ஸ்பிரஸ் லைனுக்கு ஒரு அசாகுசா இருக்கிறது, அது கோயிலுக்கு அந்தப் பக்கம் மேற்கே, நடந்து பத்து நிமிடம். 'அசாகுசா ஸ்டேஷனுக்கு 3 நிமிடம்' என்று ஹோட்டல் சொன்னால் எந்த அசாகுசா என்று பாருங்கள். தோஎய் அசாகுசா லைனுக்குப் பக்கம் என்றால் அதிர்ஷ்டம், ஏனென்றால் அந்தத் தண்டவாளத்தில்தான் நரிதாவுக்கும் ஹனேடாவுக்கும் நேர் ரயில்கள் ஓடுகின்றன, ஒரே ஒரு முறை ஏறினால் ஏர்போர்ட்.

உயேனோவுக்கு நரிதாவிலிருந்து கேய்செய் ஸ்கைலைனர் என்கிற எக்ஸ்பிரஸ் ரயில் வருகிறது, முழுக்க ரிசர்வ் செய்த இருக்கை, ஏறக்குறைய 45 நிமிடம், கட்டணம் 2,500 யென்னுக்குச் சற்று மேல். (ஒரு யென் நம் ரூபாயில் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) யமனோதே லைன், கின்சா லைன், ஹிபியா லைன், வடக்கே போகிற ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) எல்லாம் உயேனோவில் நிற்கும். பூங்காவுக்குள் 1872இல் தொடங்கிய டோக்கியோ தேசிய அருங்காட்சியகம், ல கொர்புசியே வடிவமைத்து 2016இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த அதே ஆள். மழை பெய்தால் ஒரு நாள் முழுக்க அங்கேயே ஓட்டிவிடலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உயேனோ பக்கம் இன்னொரு காரணமும் சேர்கிறது. அடுத்த ஸ்டேஷன் ஒகாச்சிமாச்சி, அது நகை, ரத்தினக்கல் மொத்த வியாபாரம் நடக்கிற இடம், இந்திய ஜைன வியாபாரிகள் பல காலமாகத் தொழில் செய்கிறார்கள், அதனால் இந்தியச் சைவ உணவகங்கள் அங்கே உண்டு. டோக்கியோவில் சைவத்துக்கு இருக்கிற சிக்கல் கறியோ மீனோ கண்ணுக்குத் தெரிவதில் இல்லை, காய்கறிச் சூப்பிலும் சோபா நூடுல்ஸ் குழம்பிலும் தாஷி என்கிற மீன் சாறு கலந்திருக்கும். உயேனோ ஸ்டேஷனிலும் டோக்கியோ ஸ்டேஷனிலும் டீஸ் தந்தன் என்ற முழுச் சைவ ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது, பாலும் முட்டையும்கூடச் சேர்க்காதது. தினமும் ஒரு வேளையாவது யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் நடக்கிற தூரத்தில் இருப்பது, தனியாக இருக்கும்போது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது போனவர்களுக்குத் தெரியும்.

உயேனோவின் குறை: ஸ்டேஷனுக்குத் தென்மேற்கே யுஷிமா நோக்கிப் போகிற சில தெருக்களில் ராத்திரி பார் தரகர்கள் நிற்பார்கள், கபுகிச்சோ அளவுக்கு இல்லை. ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கம் பார்த்தால் இந்தத் தொல்லை குறைவு.

அந்தக் கிழக்குப் பக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் என் தேர்வு வந்துவிடும். உயேனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில் கின்சா லைனில் இனாரிச்சோ, தவரமாச்சி என்று இரண்டு சின்ன ஸ்டேஷன்கள். யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், வாசல்கள் ஒரு கையில் எண்ணிவிடலாம், வெளியே வந்தால் ஹோட்டல் தெரியும். ஒரு பக்கம் அசாகுசாவும் மறுபக்கம் உயேனோவும் நடக்கிற தூரம், நடுவில் சமையல் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கும் கப்பாபாஷி தெரு. ராத்திரி தெருவில் சைக்கிளில் வீட்டுக்குப் போகிற ஆட்களும் முக்குக் கடையில் பால் வாங்குகிற பாட்டிகளும்தான் இருப்பார்கள். கொஞ்சம் தெற்கே குராமாஎ, அசாகுசாபாஷி. இவை இரண்டும் தோஎய் அசாகுசா லைனில் வருவதால் இரண்டு ஏர்போர்ட்டுக்கும் மாறாமல் போகலாம், அசாகுசாபாஷியில் கூடவே ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) சோபு லைன் இருக்கிறது, ஒரே ஸ்டேஷன் தள்ளி அகிஹபாரா, அதே ரயிலில் உட்கார்ந்திருந்தால் ஷின்ஜுகு. முதல் முறை, தனியாக, ஐந்தாறு நாள் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு அசாகுசாபாஷி என்றுதான் சொல்வேன். பொம்மைக் கடைகளும் மணி, பாசி விற்கிற மொத்தக் கடைகளும் நிறைந்த ஊர், அழகு என்று சொல்ல முடியாது, வசதி.

கின்சா, ஹிகாஷி கின்சா, நிஹோன்பாஷி பக்கம் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு, வயதில் மூத்தவர்களுக்கு, ராத்திரி வெளிச்சமான அகலமான தெருவில் நடக்க விரும்புகிற பெண்களுக்கு மிக நல்ல தேர்வு. கின்சா என்றால் பணக்கார இடம் என்று பயப்படாதீர்கள், ஹிகாஷி கின்சாவைச் சுற்றிச் சாதாரண பிசினஸ் ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன. நிஹோன்பாஷி அலுவலகப் பகுதி என்பதால் சனி ஞாயிறில் வெறிச்சோடிவிடும், சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் மூடியிருக்கும், வார இறுதி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிஷி கசாயில் தங்கலாமா என்று நம் ஆட்கள் கேட்பது உண்டு. எதொகாவா வார்டில், தோசாய் லைனில் இருக்கிற ஊர், 2000ஆம் ஆண்டுவாக்கிலிருந்து ஐடி வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறி வளர்ந்தது, தமிழ்க் குடும்பங்களும் கணிசம். இட்லி தோசை கிடைக்கும், மளிகைக் கடையில் பொன்னி அரிசி வரைக்கும் பார்க்கலாம், யாராவது தமிழில் பேசுவது காதில் விழும். சொந்தக்காரர் வீடு அங்கே இருந்தால் தாராளமாகத் தங்குங்கள். ஹோட்டல் எடுத்துத் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது குடியிருப்புப் பகுதி, பார்க்கிற இடங்கள் எல்லாம் தூரம், காலை நேரத்தில் தோசாய் லைன் ஜப்பானிலேயே நெரிசலுக்குப் பேர்போனது. ஒரு மத்தியானம் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சரி, ரூமுக்கு வருவோம். தனியாகப் போகிறவருக்கு ஜப்பான் செய்கிற பெரிய உதவி, ஒருவருக்கென்றே கட்டிய ரூம். பல நாடுகளில் ஒருவர் போனாலும் இருவர் ரூமுக்கான பணத்தைத்தான் கொடுக்கிறோம். இங்கே பிசினஸ் ஹோட்டல்களில் சிங்கிள் ரூம் என்றே தனியாக இருக்கிறது, விலையும் பெரும்பாலும் ஆள் கணக்கில் வரும், அதனால் தேடும்போது ஒருவர் என்று மாற்றித் தேடுங்கள், இருவர் என்றே விட்டுவிட்டால் சிங்கிள் ரூம்கள் கண்ணிலேயே படாது. 11 முதல் 14 சதுர மீட்டர், அதாவது 120 முதல் 150 சதுர அடி. பெரிய சூட்கேஸை முழுக்கத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. ஆனால் சுத்தமாக இருக்கும், குளியலறை தனி, இரவு உடை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் அவர்களே தருவார்கள், துணி துவைக்கிற மெஷின் கீழே எங்காவது இருக்கும். சாதாரண நாட்களில் ஏறக்குறைய 8,000 யென்னிலிருந்து 15,000 யென் வரை எதிர்பார்க்கலாம். செர்ரி பூக்கிற மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், ஏப்ரல் 29இலிருந்து மே 5 வரையிலான கோல்டன் வீக் என்கிற தொடர் விடுமுறை, இந்தச் சமயங்களில் அதே ரூம் இரட்டிப்பு விலைக்குப் போவது சகஜம். சாதாரண வாரத்திலும் சனிக்கிழமை ராத்திரி மட்டும் விலை ஏறும்.

பிசினஸ் ஹோட்டல் சங்கிலிகளில், தொயோகோ இன்னில் காலைச் சாப்பாடு இலவசம், விலையும் நிதானம், அலங்காரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். டோர்மி இன்னில் பெரும்பாலும் பொதுக் குளியல் தொட்டி இருக்கும், நாள் முழுக்க நடந்த காலுக்கு அந்த வெந்நீரை மிஞ்சிய மருந்து கிடையாது, ராத்திரி இலவச நூடுல்ஸும் தருவார்கள் (அதன் குழம்பு சைவம் இல்லை). பச்சை குத்தியிருப்பவர்களைப் பல பொதுக் குளியல்களில் விடுவதில்லை. ரூம் எடுக்கும்போது புகைபிடிக்கக் கூடாத ரூம்தானா என்று கட்டாயம் பாருங்கள், இன்றும் புகை ரூம்கள் தனியாக இருக்கின்றன, விலை குறைவாகத் தெரிகிற ரூம் பல சமயம் அதுதான். பெண்களுக்கென்று தனி மாடி வைத்திருக்கிற ஹோட்டல்களும் உண்டு, லிஃப்ட்டிலேயே கார்டு போட்டால்தான் அந்த மாடிக்குப் போகும்.

கேப்ஸ்யூல் ஹோட்டல் (ஒரு ஆள் படுக்கிற அளவுக்கான அடைப்புகளை அடுக்கியது) 1979இல் ஒசாகாவில் தொடங்கியது, ஒரு ராத்திரி அனுபவத்துக்கு நல்லது. முழுப் பயணத்துக்கும் வேண்டாம். அடைப்புக்குப் பூட்டு கிடையாது, திரைதான், பெட்டியைத் தனியாக லாக்கரில் வைக்க வேண்டும், பல இடங்களில் தினமும் காலையில் வெளியேறி மறுபடி மாலையில் வர வேண்டியிருக்கும். ஹாஸ்டல் வேறு விஷயம், பேச ஆள் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குக் குராமாஎ, அசாகுசா ஹாஸ்டல்களின் கீழ்த்தளம் நல்ல இடம். பாதி நாள் ஹாஸ்டல், பாதி நாள் சிங்கிள் ரூம் என்று பிரித்துக்கொள்வதும் நன்றாக இருக்கும். வீட்டு வாடகை ரூம்கள் ஒருவருக்குக் கட்டுப்படியாகாது, சுத்தம் செய்கிற கட்டணம் என்று மொத்தமாக ஒன்று போடுவார்கள், அதையும் பங்கு போட ஆள் இல்லை.

ஃபிளைட் ராத்திரி 11 மணிவாக்கில் ஹனேடாவில் இறங்கினால் மேலே சொன்ன எதையும் அன்றைக்குப் பார்க்காதீர்கள். குடிநுழைவு முடிந்து வருவதற்குள் கடைசி ரயில் போயிருக்கலாம். ஏர்போர்ட்டிலேயே ஹோட்டல் இருக்கிறது, அது கட்டுப்படியாகாது என்றால் பக்கத்தில் கமதாவில் ஒரு ராத்திரி படுத்துவிட்டு மறுநாள் நிதானமாக ஊருக்குள் போகலாம், ஏர்போர்ட்டிலிருந்து கமதா போக டாக்ஸி என்றாலும் தாங்கும். நரிதாவிலிருந்து டாக்ஸி நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், 20,000 யென்னைத் தாண்டிவிடும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் விசா விண்ணப்பத்தில் எந்தெந்த நாள் எங்கே தங்குகிறோம் என்ற அட்டவணை கொடுக்க வேண்டும், எனவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய ரூமாக முதலில் எடுத்து வையுங்கள், விசா கைக்கு வந்த பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலாவுக்கு இந்த வேலை இல்லை. புக்கிங் முடிந்ததும் ஹோட்டல் முகவரியை ஜப்பானிய எழுத்தில், போஸ்டல் கோடு, ஃபோன் நம்பரோடு ஃபோனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பேர் கிடையாது, கட்டடங்களுக்கு வட்டார எண்தான், டாக்ஸி டிரைவரிடமோ முக்கில் இருக்கிற போலீஸ் பூத்திலோ அதைக் காட்டினால் போதும், குடிநுழைவுப் படிவத்திலும் அதையேதான் கேட்பார்கள். அதே படத்துக்குக் கீழே, ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிற வாசலின் எண்ணையும் எழுதி வையுங்கள்.